கதவு ஸ்பீக்கரும் மாடிப்படியும்

1

என் பிக்கப் வண்டியின் கதவு ஸ்பீக்கர்களில் ஒன்று ஊமையாகி, மற்றது கரகரக்கத் தொடங்கிய வாரத்தில்தான் அண்ணனின் கேசட் வந்து சேர்ந்தது. அதனால் அவர் கேட்ட கேள்வி முதல் தடவை எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியே போதுமானதாக இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு பிக்கப் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் கார், பின்பக்கம் டெம்போ. இங்கே டெக்ஸாஸில் மாடு வளர்ப்பவர் முதல் பல் டாக்டர் வரை ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். என்னுடையது ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிக் களைத்துப் போய் விற்ற வண்டி. என் மனைவி சரோஜா அதில் ஏற மாட்டாள். கல்யாணம், பூஜை, விருந்து எல்லாவற்றுக்கும் கார்தான். நான் கெமிக்கல் ஆலைக்கு வேலைக்குப் போகவும், புல் வெட்டும் மிஷினை ஏற்றிவரவும் பிக்கப். அண்ணனின் கேசட்டுகளை நான் அதில்தான் கேட்பேன். வீட்டில் போட்டால் டி.வி.யின் சத்தத்தோடு அவர் சண்டை போட வேண்டியிருக்கும்.

அண்ணனுக்குக் கடிதம் எழுத வராது. டெலிபோனில் பேசினாலும் சௌக்கியமா, சரி, வச்சிரு என்பதோடு முடிந்துவிடும். ஆனால் டேப் ரெக்கார்டரின் முன்னால் உட்காரவைத்தால் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் பேசுவார். காரணம் உண்டு. அவருடைய தொழிலே மைக் செட். ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் ஊதிப் பார்த்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி என்று கூப்பிடுவார். அது அவருக்குப் பிள்ளையார் சுழி.

இந்தத் தடவை கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி மாமி. கணவர் இங்கே பேராசிரியர். மாமி கோடையில் உத்தர வீதிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். "உங்க அண்ணா எங்காத்துக்கே வந்து குடுத்துட்டுப் போனார். அந்த வெயில்லே வந்தவர், ஒரு வாய் மோர் சாப்பிடுங்கோன்னா, வேலை இருக்குன்னு வாசல்லேயே நின்னுட்டுக் கிளம்பிட்டார்" என்றார். மாமியின் மருமான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புவதாகவும், பதில் இருந்தால் அதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

பதில் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. அண்ணன் கேட்டது இதுதான்.

"தம்பி, எடமலைப்பட்டி புதூர் மனையில கடைக்கால் போட்டாச்சு. இப்போதைக்குக் கீழ மட்டும்தான் கட்டுறேன். மேஸ்திரி ஒண்ணு கேக்குறாரு. மாடிப்படியை உள்ள வைக்கவா, வெளிய வைக்கவான்னு. நீதான் சொல்லணும். லிண்டலுக்கு முன்னாடி சொல்லிரு."

இந்தக் கேள்வியின் கனத்தை ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படி கூடத்துக்குள் இருந்தால் மாடியும் அதே வீடு. கீழே அண்ணன், மேலே தம்பி, இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல். படி வெளியே இருந்தால் மாடி வாடகைக்கு. நீ திரும்பி வருவாயா என்று அண்ணன் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. மேஸ்திரி கேட்பதாகத்தான் சொன்னார்.

2

எங்கள் அப்பா மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பொந்து. ஆம்ப்ளிஃபயர் இரண்டு, ரெக்கார்டு பிளேயர் ஒன்று, சுவரில் ஆணியடித்துத் தொங்கும் குழாய் ஸ்பீக்கர்கள். காது குத்து, கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சைக்கிளின் கேரியரில் குழாயைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒன்றைத் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தும், இன்னொன்றை இந்தக் கோடியைப் பார்த்தும் வேப்பமரத்திலோ விளக்குக் கம்பத்திலோ கட்டுவோம். ஏறிக் கட்டுவது நான். கீழே நின்று பேசுவது அண்ணன்.

அவர் குரலுக்கு அந்தக் காலத்தில் ஒரு மவுசு இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் எங்கள் செட்தான். ஜனக்கூட்டத்தில் ஆளைத் தொலைத்தவர்கள் எல்லோரும் அண்ணனிடம்தான் வந்து அழுவார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தகத் தமிழுக்கு மாறுவார். "மணப்பாறையிலிருந்து வந்திருக்கும் குப்பம்மாள் அவர்களே, நீங்கள் எங்கிருந்தாலும் உடனே தண்ணீர்ப் பந்தலுக்கு அருகில் வரவும். உங்கள் கணவர் இங்கே நின்றுகொண்டிருக்கிறார்." குப்பம்மாள் வந்து, தான் தொலையவே இல்லை, பொரி வாங்கப் போனேன் என்று புருஷனைத் திட்டுவாள். அதுவும் மைக்கில் கேட்கும்.

நான் படித்தேன். அண்ணன் படிக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் நான் இங்கே வந்தபோது ஐந்து வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார்கள். அப்போது அது பொய்யும் இல்லை. அப்பா போனார், பிறகு அம்மா போனார். அப்பாவுக்கு விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. அம்மாவுக்குப் போகவே முடியவில்லை, கிரீன் கார்டுக் காகிதங்கள் பாதியில் இருந்தன. அந்தச் சமயத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொன்னார். நானும் சரி என்றேன். அன்றைக்கு ஆலைக்குப் போய் வேலை பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு குடியுரிமை வந்தது. பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்கு அனுப்பினேன். அதன் மூலையைக் கத்தரித்து, ரத்து என்று முத்திரை குத்தித் தபாலில் திருப்பி அனுப்பினார்கள். இதை அண்ணனுக்கு ஒரு கேசட்டில் சொன்னேன். ரேஷன் கார்டில் விலாசம் மாற்றுகிற மாதிரிதானே, நல்லது என்று பதில் வந்தது. அது அப்படி இல்லை என்று விளக்கலாமா என்று யோசித்தேன். எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் அது யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் சில வருஷங்களாக இருக்கிறது. வலி இல்லை. இதைக் குறை சொல்லவும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

3

ஸ்பீக்கர் வாங்கப் போன கடையில் என் இங்கிலீஷ் வழக்கம்போல என்னைக் கவிழ்த்தது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நாம் சொல்வதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கடைக்காரர் முகம் மாறி, போலீஸில் புகார் கொடுத்தீர்களா, இந்தப் பேட்டையில் திருட்டு அதிகம் என்று அனுதாபப்பட்டார். ஸ்பீக்கர் கதவிலேயேதான் இருக்கிறது, உயிர்தான் இல்லை என்று புரியவைக்க நேரமாயிற்று. இத்தனை வருஷம் ஆகியும் நாக்கு எங்கேயாவது ஒரு திருப்பத்தில் திருச்சிக்குப் போய்விடுகிறது. மனசு போவதில்லை, நாக்கு மட்டும்தான்.

எந்த மாதிரிப் பாட்டு கேட்பீர்கள், அதற்கேற்ற ஸ்பீக்கர் தருகிறேன் என்றார். பாட்டு இல்லை, என் அண்ணன் பேசுவார் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே சாதாரணமான ஜோடியை எடுத்துக் கொடுத்தார்.

4

சனிக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். என் மகள் கவிதா தானாகவே வந்து உதவிக்கு நின்றாள். அவளுக்கு வண்டி ஓட்டப் பழகும் வயது. பிக்கப்பைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை 'கே' என்று கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வரும் சிநேகிதிகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்ல எனக்கு வாய்வரை வரும். நாம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அப்பா என்பதும் வேணாம் என்பதும் மட்டும் இன்னும் தமிழில் மிச்சம்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றி, கதவின் உள்பக்க அட்டையை நெம்பி எடுத்தோம். உள்ளே பழைய ஸ்பீக்கரின் காகிதம் ஊறிப்போய்ப் பழைய சோறு மாதிரி கையோடு வந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி அந்தக் கதி. ஐப்பசி மழையில் நாங்கள் குழாய் ஸ்பீக்கருக்குப் பாலிதீன் கட்டிய மாதிரி, புது ஸ்பீக்கருக்கு மேலே பாலிதீனில் ஒரு குடை வைத்தேன். நல்ல ஏற்பாடு என்று கவிதா சொன்னாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இணைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் டார்ச்சின் பேட்டரி கட்டையில் தொட்டுப் பார்த்தேன். டப் என்றது. உயிர் இருக்கிறது. அப்பா கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். டப் என்றால் மாட்டு. இரண்டு கம்பியில் எது எந்த முனைக்கு என்று நாங்கள் பார்த்ததே கிடையாது. எங்களிடம் இருந்த ஒயரெல்லாம் ஒரே கலர். அறுந்ததையும் ஒட்டியதையும் முறுக்கி மாட்டிவிட்டு இறங்குவோம். நான் அதே போல இரண்டு கதவிலும் கைக்கு வந்தபடி மாட்டி, அட்டையை மூடி, கைப்பிடியைப் பொருத்தி, அண்ணன் கேசட்டைப் போட்டேன்.

சத்தம் வந்தது. ஆனால் அண்ணன் வரவில்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒல்லியான ஆள் அவரைப் போலப் பேசிக்காட்டுவது மாதிரி இருந்தது. அவருடைய தொண்டையின் அடிக்கட்டை முழுக்கக் காணாமல் போயிருந்தது. வலது கதவில் காதை வைத்தால் சரியாக இருக்கிறது. இடது கதவில் வைத்தாலும் சரியாக இருக்கிறது. நடுவில் உட்கார்ந்தால் ஆளே இல்லை. வால்யூமைக் கூட்டினேன், கத்தலாயிற்றே தவிர குரலாகவில்லை.

கவிதா டப்பாவில் இருந்த காகிதத்தை எடுத்துப் படித்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் பிளஸ், மைனஸ் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம். ஒன்று மாறிவிட்டால் ஒரு கதவு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். நடுவில் இருப்பவனுக்கு வரவேண்டியதை இரண்டும் சேர்ந்து அழித்துவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் குழாய்கள் ஒன்று மேற்கே பார்க்கும், ஒன்று கிழக்கே பார்க்கும். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே கிடையாது. எத்தனை கல்யாணத்தில் தலைகீழாக மாட்டியிருப்போமோ, ஒருவரும் கேட்டதில்லை.

மறுபடி வலது கதவைப் பிரித்து, கம்பியை மாற்றி மாட்டினேன். கேசட்டைப் பின்னால் ஓட்டி முதலிலிருந்து வைத்தேன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அண்ணன் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார்.

எல்லாம் கேட்டது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் அண்ணி சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுவதும், இதோ வர்றேன் என்று அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொல்வதும், மதுரை ரோட்டில் பஸ் ஹாரன் அடிப்பதும் கேட்டன. பிறகு மாடிப்படி வந்தது. நீதான் சொல்லணும் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்குவது முதல் தடவை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது. எனக்குள் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவில் வைத்தேன். கவிதா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டு கேசட்டை எடுத்துவர உள்ளே ஓடினாள்.

5

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சரோஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ளன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே. நாமளா சிமெண்ட் குழைக்கப் போறோம்?" என்றாள்.

"சொல்லிட்டு, போகாமலே இருந்துட்டா?"

"இருந்துட்டா என்ன, படி அழப் போவுதா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உள்ளே என்று சொல்வது சுலபம். ஒரு வார்த்தை, அண்ணனுக்குச் சந்தோஷம். ஆனால் அப்படிச் சொல்ல என்னிடம் எதுவோ ஒன்று இருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், அது இல்லை. கவிதா எடமலைப்பட்டி புதூரில் இருந்து காலேஜுக்குப் போவாளா? சரோஜாவுக்கு இங்கே வேலை. எனக்கு இருபது வருஷம் கழித்துப் பென்ஷன். அண்ணனின் தொழிலுக்குப் பென்ஷன் கிடையாது. இப்போது ஊரில் ஆளுக்கொரு டேப் ரெக்கார்டர் வைத்திருக்கிறார்கள் என்று அவரே சொல்லியிருந்தார். மாடி கட்டி வாடகைக்கு விட்டால் வயதான காலத்தில் அவருக்கு ஒரு பிடிமானம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தால் பதில் தானாகவே வந்துவிட்டது. எனக்கு அதில் வேலையே இல்லை.

சாயங்காலம் கராஜில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பேசினேன். முதலில் கவிதாவைக் கூப்பிட்டேன். அவள் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தாள். "பெரியப்பா, பெரியம்மா, சௌக்கியமா? நான் சௌக்கியம். நல்லா படிக்கிறேன்." ஒவ்வொரு கேசட்டிலும் அதேதான். அவள் குரல் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

பிறகு நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். ஆலையில் ஆட்குறைப்பு நடப்பதைச் சொன்னேன். ஸ்பீக்கரைத் தலைகீழாக மாட்டிய கதையைச் சொன்னேன், அவர் சிரிப்பார் என்று. கடைசியில் சொன்னேன்.

"அண்ணே, படியை வெளியவே வைங்க. வாடகைக்கு விட வசதியா இருக்கும்."

சொல்லிவிட்டு இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று டேப்பை ஓடவிட்டேன். அது வெறுமனே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை மாமி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி காபி கொடுத்தார், குடித்தேன்.

6

மாமியின் மருமான் மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தபோது அண்ணனின் கேசட்டும் வந்தது.

அதற்குள் கவிதாவுக்குப் பழகுபவர்களுக்கான லைசென்ஸ் கிடைத்திருந்தது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் அவள் ஓட்டலாம் என்பது சட்டம். அந்தப் பெரியவர் நான். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற ஊரில், வலது பக்கம் சும்மா உட்கார்ந்து என் கால் தானாகப் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும். அன்று அவள் என்னைக் கடைக்கு அழைத்துப்போனாள். கேசட்டை நானே போட்டேன். அவள் ஆட்சேபிக்கவில்லை.

அண்ணன் மைக் டெஸ்டிங் சொன்னார். ஊரில் நடந்த கல்யாணங்கள், பிறகு சாவுகள். தில்லை நகரில் கண் டாக்டரைப் பார்த்தது, கண்ணாடி போட வேண்டும் என்றது. ஸ்பீக்கரைத் தலைகீழாக மாட்டிய கதைக்கு நன்றாகவே சிரித்தார். அப்பா இருந்திருந்தால் உன்னை உதைத்திருப்பார், ஆனால் அவருக்கும் தெரியாது என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தம்பி, படி விஷயமா நீ சொன்னது தெளிவா கேட்டுச்சு. ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன். உள்ளதான் வச்சிருக்கேன். கூடத்துல இடம் அடைக்குதேன்னு மேஸ்திரி சொன்னாரு. அடைச்சா அடைக்கட்டும்னுட்டேன். நீ வரலைன்னாலும் ஒண்ணும் தப்பில்ல. மொட்டை மாடில உங்க அண்ணி வடகம் காயப்போடுவா."

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் ஏதோ புகைந்த கதைக்குப் போய்விட்டார்.

கவிதா ரோட்டைப் பார்த்தபடியே வடகம் என்றால் என்ன என்று கேட்டாள்.

நான் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். அரிசி மாவைக் கிண்டி, வெங்காயம் போட்டு, துணியில் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைப்பார்கள் என்றேன். சித்திரை வெயிலில் காய வேண்டும் என்றேன். சும்மா வைத்துவிட்டு வந்துவிட முடியாது, காக்காய் விரட்ட மாடியில் யாராவது ஒரு ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்றேன்.

அதற்கு மேல் வாயைத் திறந்தால் வேறு என்னமோ வந்துவிடும் போல இருந்தது. கையால் ஓரத்தைக் காட்டினேன். கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள், வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார்.